நூற்று நாற்பத்தாறாவது பெயர்

வாழவந்தி நாடு,
12.6.2024

அருணாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அடித்தது தெரிந்தால் தெரியட்டும். உன் போன் நம்பரையும் பிளாக் செய்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. எழுதினால் கொஞ்சம் நிதானமாகத் திட்டலாம்.

நேற்று உங்கள் அறக்கட்டளை வண்டி மேலே வந்து, டீக்கடைச் சுவரில் நர்ஸிங் பட்டியலை ஒட்டிவிட்டுப் போனது. மலைப் பெண்களுக்கு இலவசமாகப் பன்னிரண்டு இடம். பரீட்சை எழுதியவர்கள் நூற்று நாற்பத்தாறு பேர். தேர்வான பன்னிரண்டு பேரை மட்டும் ஒட்டினால் போதாதா? மிச்சப் பேரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எதற்கு ஒட்டினீர்கள்? என் தங்கை பூங்குழலி மேலே இருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். பாதிக்கு மேல் குனிந்தாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். அவள் பெயர் கடைசியில் இருந்தது, நூற்று நாற்பத்தாறாவதாக.

பஸ்ஸுக்கு நிற்கிற பயல்கள் இன்றைக்கே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "ஏ, நூத்திநாப்பத்தாறு போகுது பாரு!" என்கிறார்கள்.

எட்டாவது இடத்தில் யார் தெரியுமா? பாவாயி மகள் கலைமணி. பன்னிரண்டு வருஷம் குழலியின் பேப்பரை எட்டிப் பார்த்தே பாஸ் ஆனவள். போன மாதம் உங்கள் ஆபீஸ் வண்டியில் கலைமணி அப்பா இரண்டு மூட்டை மிளகு ஏற்றியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பட்டியல் போடுகிற கம்ப்யூட்டர் வேலை உன் கையில்தான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

எதற்காகச் செய்தாய்? மிளகுக்கா, இல்லை பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் எனக்குப் பின்னாலேயே நின்ற வயிற்றெரிச்சலுக்கா?

ஒன்று தெரிந்துகொள். கிழங்கு லாரி வைத்திருக்கிற மணிவண்ணனுக்குக் குழலியைக் கேட்கிறார்கள். அவனுக்கு முப்பத்தெட்டு வயது. முதல் பெண்டாட்டி செத்து இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன. "லிஸ்ட்டு வரட்டுமுங்கப்பா" என்று சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாள் அப்பாவை நிறுத்தி வைத்திருந்தேன். இனி எதைச் சொல்லி நிறுத்துவது?

கவிதா


காளப்பநாயக்கன்பட்டி,
15.6.2024

கவிதா,

உன் கடிதத்தை ஆபீஸிலேயே பிரித்துப் படித்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்து மேஜைக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். பழைய சினேகிதி ஒருத்தி, தோற்கத் தெரியாதவள் என்றேன்.

மிளகு மூட்டை எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலுக்கு வந்தது. எல்லா வருஷமும் வருகிறது. உனக்கு அதில் ஒரு கதை தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டாய்.

கம்ப்யூட்டருக்குக் கவிதா தங்கை, பாவாயி மகள் என்றெல்லாம் தெரியாது. முன்னால் இந்த வேலையைப் பார்த்த அர்த்தனாரி அண்ணன், பெர்ல் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் நீளமாக ஒன்று எழுதி வைத்திருந்தார். இரண்டிரண்டு பேராக எடுத்து, இவள் மார்க் பெரிதா அவள் மார்க் பெரிதா என்று ஒவ்வொரு தடவையும் கணக்குப் பார்க்கிற மாட்டுவண்டி அது. நான் அதைத் தூக்கி எறிந்துவிட்டேன். மார்க்கை முன்னால் வைத்து, ஓர் இடைவெளி விட்டுப் பெயரைப் பின்னால் ஒட்டி, ஆளுக்கு ஒரு வரி. அதை அப்படியே வரிசைப்படுத்தி, தலைகீழாகத் திருப்பினால் பெரியதிலிருந்து சின்னது வரை இறங்குவரிசை வந்துவிடும். நான் எழுதியது மொத்தமே ஒரு வரிதான். பழையதைவிட நாலு மடங்கு வேகம். எங்கள் மேனேஜர் ஹேமலதா மேடம் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் பாராட்டினார்கள்.

உன் தங்கையின் மார்க்கை எழுதி உன் மானத்தை வாங்க வேண்டாம் என்றுதான் பட்டியலில் மார்க் போடாமல் விட்டோம் என்று வைத்துக்கொள். நூற்று நாற்பத்தாறு பேரில் ஒருத்தியைக்கூட முந்தாமல் இருப்பதற்கும் தனித் திறமை வேண்டும்.

ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேப்பர் கொடுக்கும்போது மார்க் வரிசைப்படி கூப்பிடுவார், ஞாபகம் இருக்கிறதா? முதலில் உன் பெயர், அடுத்து என் பெயர். நீ பேப்பரோடு திரும்பி வரும்போது "ரெண்டு, எந்திரி" என்பாய். கடைசிப் பெயர் வரும்போது கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டுவாய். அந்தக் கடைசிப் பெண்களுக்கு வீட்டில் ஓர் அக்கா இருந்திருப்பாள் என்று ஒரு நாளாவது நினைத்தாயா? இப்போது நினைத்துப் பார்.

மணிவண்ணன் நல்ல மாதிரி என்று கேள்வி. கல்யாணத்துக்கு என் வாழ்த்து.

அருணா


வாழவந்தி நாடு,
20.6.2024

அருணாவுக்கு,

வாழ்த்துக்கு நன்றி. கல்யாணத்தைப் பற்றி நீ பேசலாம், அனுபவசாலி. கட்டிக்கொண்டு போன எட்டாவது மாதமே பெட்டியோடு பஸ் ஏறித் திரும்பி வந்தவள் ஆயிற்றே. அந்தப் பெட்டியை அடிவாரம் காரவள்ளியிலிருந்து உன் கூடவே தூக்கிக்கொண்டு வந்தவள் நான். அன்றைக்கு ஊர் வாயை அடைத்தவளும் நான்தான். அடைத்திருக்கக் கூடாது.

உன் கடிதத்தை நான் சாமை விதைக்கப் போயிருந்தபோது குழலி எடுத்துப் படித்துவிட்டாள். 'தனித் திறமை' என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை இரண்டு தடவை படித்திருப்பாள் போல. நான் வந்தபோது சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "அருணாக்கா சொல்றது சரிதானுங்க்கா. நான்தான் என்னமோ பெருசா நெனச்சுக்கிட்டேன்" என்றாள். அன்று சாயங்காலம் அப்பா கேட்டதும் சரி என்று தலையாட்டிவிட்டாள். நான் குறுக்கே விழுந்து கத்தினேன். "அக்கா, நீ சும்மா இரு" என்றாள். என்னிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. வருகிற 28ஆம் தேதி கல்யாணம்.

ஆனாலும் எனக்கு ஆறவில்லை. அவள் கேள்வித்தாளைக் கொண்டு வந்திருக்கிறாள். எதற்கு என்ன பதில் எழுதினாள் என்று ஓரத்தில் புள்ளி வைத்திருக்கிறாள். புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று தடவை சரிபார்த்தேன். நூற்றிருபதுக்கு நூற்றிநாலு வருகிறது. ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். கலைமணியோ, பரீட்சையில் முதல் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுத் தூங்கிவிட்டதாகக் குழாயடியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள்.

நீ எழுதிய அந்த ஒரு வரி இதற்கு என்ன சொல்கிறது என்று கேட்டு எழுது. எழுதாவிட்டால் நீ திருடி என்று நான் முடிவு செய்துகொள்வேன். இன்னொரு முறை எங்களைக் கேலி செய்து கடிதம் போட்டால் அதைப் பிரிக்கவும் மாட்டேன்.

கவிதா


பதிவுத் தபால்
காளப்பநாயக்கன்பட்டி,
24.6.2024

கவிதா,

முதலில் இதைப் படி, மற்றதை அப்புறம் படி. குழலிக்கு இடம் இருக்கிறது. அவள்தான் முதல். இந்தக் கடிதத்தோடு சேர்க்கை ஆணை வைத்திருக்கிறேன். ஜூலை 1ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் சான்றிதழ்களோடு அவள் நேரில் வர வேண்டும். கல்யாணத்தை நிறுத்து.

உன் வாயை அடைக்கத்தான் மார்க்கை எடுத்தேன். இருபது, இருபத்தைந்து என்று ஏதாவது இருக்கும், எழுதி அனுப்பலாம் என்று நினைத்தேன். 104 என்று இருந்தது. நூற்றைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். கலைமணியுடையதைப் பார்த்தேன். 9.

தப்பு என்னுடையது. மார்க்கையும் பெயரையும் ஒன்றாக ஒட்டினேன் என்றேன் அல்லவா? ஒட்டியதும் அது கம்ப்யூட்டருக்கு எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்தாகிவிட்டது. அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல இடது பக்கத்து முதல் எழுத்தைத்தான் பார்க்கும். எட்டில் தொடங்குவதைவிட ஒன்பதில் தொடங்குவது பெரியது. அதனால் கலைமணியின் ஒற்றை ஒன்பது, தொண்ணூறு வாங்கியவர்களுக்கு அடுத்தபடி போய் உட்கார்ந்துகொண்டது. குழலியுடையது ஒன்றில் தொடங்குகிறது, அடுத்தது சைபர். அதைவிடச் சின்னதாக அதற்கு எதுவும் தெரியவில்லை. எல்லா மார்க்கையும் மூன்று இலக்கமாக்கி, 009, 098 என்று முன்னால் சைபர் போட்டிருந்தால் போதும். அர்த்தனாரி அண்ணன் எழுதியதைத் தொடாமல் இருந்திருந்தாலே போதும்.

முதலில் வர வேண்டியவள் கடைசிக்குப் போயிருக்கிறாள், கடைசியில் வர வேண்டியவள் எட்டாவதாக ஏறியிருக்கிறாள். மற்றவர்களில் ஒருத்திக்கும் இதனால் இடம் கிடைக்கவும் இல்லை, போகவும் இல்லை.

ஹேமலதா மேடத்திடம் சொல்லிவிட்டேன். பாராட்டிய வாயாலேயே திட்டினார்கள். குழலி வந்து சேர்ந்த பிறகுதான் கலைமணியை நீக்குவோம், அதுவரை வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

போன கடிதத்தில் நான் எழுதியதையெல்லாம் சந்தோஷப்பட்டுக்கொண்டேதான் எழுதினேன். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். மன்னிப்பு அப்புறம் கேட்கிறேன். நீயே என்னைக் கேட்க வை. இப்போது அவளைக் கூட்டிக்கொண்டு வா.

அருணா


காரவள்ளி,
27.6.2024

கவிதா,

கடிதம் நேற்றே உன் கைக்கு வந்துவிட்டது என்று பதிவுத் தபால் எண்ணைப் போட்டுப் போனில் பார்த்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய். ஆனால் உன்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வேறு நம்பரிலிருந்தும் அடித்துப் பார்த்தேன். மேலே டவர் இல்லை.

இன்றைக்கு லீவு போட்டுவிட்டு உன் ஊருக்குத்தான் கிளம்பினேன். காரவள்ளியில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டிரைவர் வண்டியை எடுக்கப் போகும்போது இறங்கிவிட்டேன். கல்யாண வீட்டு வாசலில் நின்றுகொண்டு, எல்லோர் எதிரிலும் நான் என்ன சொல்லுவேன்? "அருணா வந்திருக்கிறா, எட்டு மாசக்காரி" என்று எவளாவது சொல்லுவாள். படித்திருப்பாய், இந்நேரம் நிறுத்தியிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிறுத்தியிருப்பாய்தானே?

இதை இங்கேயே பெட்டியில் போடுகிறேன். ஒரு வரி எழுது.

அருணா


வாழவந்தி நாடு,
3.7.2024

அருணா,

நேற்றுதான் பிரித்தேன்.

26ஆம் தேதி தபால்காரர் வந்தபோது பந்திக்கு வெட்டின பலாப்பழப் பிசின் கையெல்லாம் ஒட்டியிருந்தது. கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். உறையின் மேல் உன் எழுத்தைப் பார்த்தேன். கனமாக இருந்தது. இந்தத் தடவை நிறையத் திட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். குழலி கண்ணில் மறுபடியும் படக் கூடாது என்று அரிசிப் பானைக்குள் விட்டேன். "யாரூட்டுக் கடுதாசிங்க்கா?" என்று கேட்டாள். "பேங்க்ல இருந்து" என்றேன். அப்போது அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். உறைக்கும் அவள் கைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

28ஆம் தேதி தாலி ஏறியது. 1ஆம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் வாடகைப் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நேற்று அரிசி எடுக்கும்போது உறை கையில் தட்டியது. உன் இரண்டாவது கடிதமும் நேற்றேதான் வந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தேன்.

இன்றைக்குக் காலை முதல் பஸ்ஸில் உங்கள் ஆபீஸுக்கு வந்தேன். நீ லீவு என்றார்கள். உள்ளே ஒளிந்திருந்தாயோ என்னமோ. ஹேமலதா மேடம் தபால் ஒப்புதல் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். "இது உங்க கையெழுத்துத்தானே?" என்றார்கள். என் கையெழுத்துத்தான். பலாப் பிசின் கறைகூட இருந்தது. தேதி முடிந்துவிட்டது, இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விட்டது, அடுத்த வருஷம் அடுத்த வருஷப் பிள்ளைகளுக்குத்தான் என்றார்கள்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் காரவள்ளியில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள் எதற்கடி இறங்கினாய்? எழுபது கொண்டை ஊசி வளைவு. இரண்டு மணி நேரம். நான் உன் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன். நீ என்னைப் பத்து வருஷம் பார்த்தவள். நான் சொன்னால் செய்வேன் என்று உனக்குத் தெரியாதா?

இன்னொன்றுக்கும் பதில் சொல். பழையதைவிட நாலு மடங்கு வேகம் என்றாயே, அதில் எவ்வளவு நேரம் மிச்சமானது?

கவிதா


காளப்பநாயக்கன்பட்டி,
8.7.2024

கவிதா,

உள்ளேதான் இருந்தேன். உன் குரல் கேட்டதும் பதிவேட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ கேட்டதை அளந்து பார்த்தேன். பழையதையும் புதியதையும் அதே நூற்று நாற்பத்தாறு பெயரை வைத்து ஓட்டினேன். ஆயிரம், பத்தாயிரம் பெயர் இருந்தால் ஏதாவது தெரியும். இதில் ஒரு நொடியை ஆயிரம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டுகூட மிச்சமாகவில்லை. அவசரம் என்று யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. கெட்டிக்காரி என்று ஒருத்தராவது சொல்ல வேண்டும் என்பதற்காகச் செய்தேன்.

திருத்திய பட்டியலை 10ஆம் தேதி எல்லா மலை ஊரிலும் ஒட்டப் போகிறோம். இந்தத் தடவை மார்க்கோடு. முதல் வரி குழலிதான். பக்கத்தில் 'சேரவில்லை' என்று இருக்கும். அதையாவது அவள் பார்க்கட்டும். ஊர் பார்க்கட்டும். அவள் மணிவண்ணன் வீட்டு முகவரியைக் கொடு, நானே அவளுக்கு எழுதுகிறேன். தப்பு செய்தது நான் என்று அவளிடம் சொல்ல வேண்டும், கவிதா. சொல்லாமல் என்னால் சாப்பிட முடியவில்லை.

அருணா


வாழவந்தி நாடு,
15.7.2024

அருணா,

முகவரி தர மாட்டேன். சாப்பிட முடியாவிட்டால் பட்டினி கிட.

10ஆம் தேதி வண்டி வந்து ஒட்டிவிட்டுப் போனது. மறுநாள் காலையில் குழலி புருஷனோடு மறுவீட்டுக்கு வர வேண்டும். அவள் போன ஊர் மலைக்குக் கீழே, அங்கே இந்தப் பட்டியல் இல்லை; இங்கேயோ அந்த டீக்கடை முன்னால்தான் பஸ் நிற்கும். விடிந்ததும் ஒரு குடம் தண்ணீரோடு போனேன். எனக்கு முன்னாலேயே பாவாயி அங்கே நின்றுகொண்டிருந்தாள். கலைமணிக்கு யூனிபார்ம் தைத்து, ஊரையே கூப்பிட்டுப் பாயசம் போட்டவள். இப்போது மகள் பெயருக்கு நேரே ஒன்பது என்று எழுதி ஒட்டியிருக்கிறது. நான் மேலே இருந்து கிழித்தேன், அவள் கீழே இருந்து கிழித்தாள். டீக்கடைக்காரரிடமும், பார்த்த நாலைந்து பேரிடமும் கையெடுத்துக் கும்பிட்டேன். குழலி காதுக்குப் போகக் கூடாது என்றேன். நூத்திநாப்பத்தாறு என்பது அவர்கள் வைத்த பெயர்தானே, தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவள் பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஒரு பிள்ளை இடுப்பில், ஒரு பிள்ளை கையில். மணிவண்ணன் கெட்டவன் இல்லை. ஆனால் படித்த திமிர் என்ற சொல் அவன் அம்மா வாயில் மணிக்கு ஒரு தடவை வருகிறதாம். "எனக்கென்னங்கத்தை திமிரு, நான்தான் கடைசியாச்சே" என்று சொல்லிச் சிரித்துத் தப்பித்துக்கொள்கிறாளாம். அதைச் சொல்லும்போதும் சிரித்தாள்.

சாயங்காலம் கிளம்பும்போதுதான் கேட்டாள்.

"அக்கா, என்ற மார்க்கு எத்தனைன்னு அருணாக்காகிட்டக் கேட்டீங்களா?"

உன் கடிதம் என் மடியில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் என்ன ஆகும்? முதல் ஆளாக வந்தவள் என்று தெரிந்துகொண்டு அந்த வீட்டில் அவள் எப்படி அடுப்பு ஊதுவாள்? அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பாள்? அரிசிப் பானைக்குள் கடிதத்தை விட்ட என்னை எப்படிப் பார்ப்பாள்? இதில் எதற்காகப் பொய் சொன்னேன் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடைசியாகச் சொன்னதற்காகத்தான் இருக்கும்.

"பதினாலு கண்ணு" என்றேன்.

இடுப்பில் இருந்த பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"பதினாலா? அப்ப ஒண்ணுமே தெரியாமத்தான் எழுதியிருக்கறேன். நல்லவேளைங்க்கா, கண்ணாலத்தக் கட்டி வெச்சீங்க."

பஸ் ஏறிப் போய்விட்டாள். அவள் வைத்திருந்த கேள்வித்தாளை அன்றைக்கே அடுப்பில் போட்டேன்.

இனி எனக்கு எழுதாதே. என்றைக்காவது காளப்பநாயக்கன்பட்டி சந்தையிலோ, ஆஸ்பத்திரியிலோ அவள் உன்னைப் பார்ப்பாள்; பார்த்தால் கேட்பாள். பதினாலு என்று சொல். ஒன்று கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடாதே. அவள் நன்றாகக் கணக்குப் போடுவாள்.

கவிதா